யார் முகம் பெரிதாக? காணொலிக் கூட்டத்தின் திரை அமைப்பு குறித்த ஆய்வு

காணொலிக் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் பத்துத் திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் பெரிதாக நிற்கிறது, சில முகங்கள் ஓரத்தில் ஒதுங்குகின்றன, இன்னும் சில அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. இந்த ஏற்பாட்டை முடிவு செய்வது பேசுபவரின் குரலா, கூட்டத்தை நடத்துபவரா, பார்ப்பவரா, மென்பொருளை வடிவமைத்தவரா? கொரோனா காலத்தில்தான் பலரும் இந்தக் கேள்வியை முதன்முதலாக எதிர்கொண்டார்கள். பொறியாளர்களும் உளவியலாளர்களும் அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே விடை தேடி வந்திருக்கிறார்கள். கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஆனால் எதுவும் முற்றாகக் கைவிடப்படவில்லை. இன்றைய செயலிகளின் ‘வியூ’ பொத்தானை அழுத்தினால் திறக்கும் பட்டியலில் அவற்றில் பல வரிசையாக இருக்கின்றன.

ஒரே அறையில் கூடும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. நாற்காலிகளின் இடம் எல்லோருக்கும் பொது. ஒருவர் இன்னொருவரைத் திரும்பிப் பார்த்தால், பார்க்கிறார் என்பது மூன்றாமவருக்கும் தெரியும். காணொலி அந்த அறையை எடுத்துவிட்டது. கீழே வரும் ஏற்பாடுகள் அனைத்தும், எடுத்ததற்கு ஈடாக எதை வைப்பது என்பதற்கான முயற்சிகள்.

இருவர் மட்டும் இருந்த காலம்

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிக்சர்ஃபோனைக் காட்சிக்கு வைத்தது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் அதை வணிகச் சேவையாகத் தொடங்கியது. மாதக் கட்டணம் 160 டாலர், திரையின் அகலம் ஐந்தரை அங்குலம். இரு முனையிலும் ஆளுக்கொருவர் என்பதால் யாரைக் காட்டுவது என்ற சிக்கல் இல்லை. ஆனாலும் அந்தக் கருவியில் இரண்டு வசதிகள் அப்போதே இருந்தன. தன் முகம் எதிர்முனைக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம், விரும்பாதபோது தன் படத்தை மறைத்துக்கொள்ளலாம். கேமராவை அணைப்பதும் தன் முகத்தைத் தானே பார்ப்பதும் இன்று எழுப்பும் வாதங்களுக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது. கட்டணம் கட்டுபடியாகாமல் சேவை சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது.

நாலு கட்டம்

மூன்றாமவர் சேர்ந்ததும் சிக்கல் தொடங்குகிறது. 1980களின் இறுதியில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உருவாக்கிய எச்.261 தரநிலை இரண்டு பட அளவுகளை வரையறுத்தது. பெரியது 352×288 புள்ளிகள், சிறியது 176×144. சிறிய படம் நான்கைச் சேர்த்தால் பெரிய படம் ஒன்று மிகச் சரியாக நிரம்பும். நடுவில் இருந்த இணைப்புக் கருவி நான்கு இடங்களின் படங்களை வாங்கி, ஒரே படமாகத் தைத்து, எல்லோருக்கும் அதையே அனுப்பியது. ‘தொடர் இருப்பு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நான்கு பேரும் எந்நேரமும் கண்ணில் படுவார்கள் என்பது பொருள்.

இந்த முறையின் பெருமை இன்று மறந்துபோயிருக்கிறது. தைப்பது நடுவில் நடந்ததால் எல்லோர் திரையிலும் ஒரே அமைப்பு இருந்தது. “மேலே வலப்பக்கம் இருப்பவர் சொன்னதுபோல” என்று ஒருவர் சொன்னால் மற்ற மூவருக்கும் ஆள் யாரென்று தெரியும். ஐந்தாவது இடம் சேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் குறை.

குரல் கேட்டுத் திரும்பும் திரை

ஐந்தாவது ஆளுக்கான விடை, பேசுபவரை மட்டும் காட்டுவது. ஒலி எங்கிருந்து வருகிறதோ அந்தப் படத்துக்குக் கருவி தானே மாறும். 1990களின் இணைப்புக் கருவிகள் இதைச் செய்தன. ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் இருவரும் ஆய்வு வலைப்பின்னலுக்கென எழுதிய ‘விக்’ மென்பொருளிலும் இது இருந்தது. 2011இல் கூகுள் பிளஸ் ஹேங்கவுட்ஸ், பத்துப் பேர்வரை கூடும் உரையாடலில் பேசுபவரை நடுவில் பெரிதாக்கி மற்றவர்களைக் கீழே ஒரு பட்டையாக வைத்தது. ‘ஸ்பீக்கர் வியூ’ என்று இன்று சொல்லப்படுவதன் சாயல் அதில் முழுதாகத் தெரிகிறது.

இதற்கு ஆதரவான வாதம் எளியது. கூட்டத்தில் கண் பேசுபவரை நோக்கித் திரும்புகிறது, திரையும் அதைத்தான் செய்கிறது. ஆனால் கண் திரும்புவதற்கும் திரை திரும்புவதற்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டு. டன்யா ஸ்டிவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்டார்கள். தமிழ் அவற்றில் இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். ஒருவர் முடிப்பதை முன்கூட்டியே உணர்ந்துதான் அடுத்தவர் வாய் திறக்கிறார். மென்பொருளால் அப்படி முன்னுணர முடியாது. வந்தது இருமலா, நாற்காலி நகர்ந்த ஓசையா, பேச்சா என்று அது கொஞ்சம் கேட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் படம் தவறான ஆளுக்குத் தாவும், பொறுத்தால் பேச்சு தொடங்கி வெகுநேரம் கழித்து முகம் வரும். இலானா வோல்ஃபின், இஸ்ரேல் கோஹன் இருவரும் 2013இல் முன்வைத்த முறை, பேச்சை மிகக் குறுகிய, நடுத்தர, நீண்ட என மூன்று கால அளவுகளில் ஒரே நேரத்தில் எடைபோட்டு இந்தத் தாவலைக் குறைத்தது. தாவல் குறைந்தது, தாமதம் முற்றிலும் நீங்கவில்லை.

கேட்பவர் சும்மா இருப்பதில்லை என்பது இன்னொரு தொல்லை. கதை கேட்பவர் ‘உம்’ கொட்டினால்தான் சொல்பவருக்குச் சொல்ல வரும். அந்த ‘உம்’, ‘ஆமாம்’, ‘அப்படியா’ எல்லாம் கருவிக்கு ஒலிதான். உற்சாகமாக ‘உம்’ கொட்டுபவர் திரையைப் பறித்துக்கொள்வார். அதைத் தவிர்க்க எல்லோரும் மைக்கை மூடிக்கொண்டால், பேசுபவர் கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஆகிறது.

ஆப்பிளின் குழு ஃபேஸ்டைம் 2018இல் வந்தபோது இந்தக் கருத்தை ஒரு படி மேலே கொண்டுபோனது. முகக் கட்டங்கள் திரையில் மிதந்தன. பேசுபவரின் கட்டம் ஊதிப் பெருத்து முன்னே வந்தது, பேச்சு நின்றதும் சுருங்கிப் பின்னே போனது. 2020 மே மாதம் வெளியான ஐஓஎஸ் 13.5இல், பேசும்போது கட்டம் தானே பெரிதாவதை நிறுத்திவைக்க ஓர் அமைப்புப் பொத்தான் சேர்க்கப்பட்டது. குரலைப் பின்தொடரும் திரை எல்லோருக்கும் உகந்ததாக இல்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் கிடைப்பது அரிது.

இந்த நிலைப்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை கருத்தளவிலானது. பேச்சு என்றால் ஒலி என்று அது எடுத்துக்கொள்கிறது. சைகை மொழியில் பேசுபவர் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் கருவிக்கு அவர் மௌனமாக இருப்பவர். அவருக்காகக் குரல் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளரின் முகம் பெரிதாகும், பேசியவர் ஓரத்திலேயே இருப்பார். 2020இல் ஜூம் ஒன்பது பேர்வரை ஒரே நேரத்தில் பெரிதாக நிறுத்திவைக்கும் வசதியைக் கொண்டுவந்ததும், 2022இல் ஜூம், டீம்ஸ் இரண்டும் சைகை மொழிக்கெனத் தனிக் காட்சியமைப்பைச் சேர்த்ததும் இந்த ஓட்டையை அடைக்கத்தான். இரண்டிலும் ஆளைக் கையால் தேர்ந்து நிறுத்த வேண்டியிருந்தது. யார் சைகையால் பேசுகிறார் என்பதைக் கருவி தானாக உணர்வது அப்போது பொதுப் பழக்கமாகியிருக்கவில்லை.

எல்லோரும் எப்போதும்

மறுகோடியில் நிற்பது ‘கேலரி வியூ’. 2020இன் தொடக்கத்தில் டீம்ஸ் ஒரே நேரத்தில் நான்கு முகங்களையே காட்டியது. ஏப்ரலில் கூகுள் மீட் பதினாறு கட்டங்களைக் கொண்டுவந்தது. ஜூம் ஒரு பக்கத்துக்கு 25, திறன்மிக்க கணினியில் 49 என்று ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்தது. ஆண்டு முடிவதற்குள் மூன்றுமே 49இல் வந்து நின்றன. ஏழுக்கு ஏழு என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் உளவியல் ஆய்வு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. போட்டியும் கணினியின் திறனும் சேர்ந்து நிர்ணயித்த எண் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். மடிக்கணினிகளில் பரவலாக இருந்த 1366×768 திரையை ஏழுக்கு ஏழாகப் பிரித்தால், ஒரு கட்டத்துக்குச் சுமார் 195×110 புள்ளிகள் கிடைக்கும். 1980களின் இறுதியில் வரையறுத்த 176×144 சிறிய படத்தில் இருந்த மொத்தப் புள்ளிகளைவிட இது குறைவு. முப்பது ஆண்டு முன்னேற்றம் முகத்தைத் தெளிவாக்குவதில் செலவாகவில்லை, தலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் செலவாகியிருக்கிறது.

அந்தச் செலவால் என்ன கிடைத்தது என்பதில் கருத்து பிரிகிறது. வகுப்பு நடத்துபவருக்கு யார் விழித்திருக்கிறார், யார் குழம்பியிருக்கிறார் என்று ஒரு நோட்டம் கிடைக்கிறது. பேசாதவரும் இருக்கிறார் என்பது கண்ணில் படுகிறது. எதிர்வாதத்தை ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பேலன்சன் 2021இல் தொகுத்துத் தந்தார். காணொலிச் சோர்வுக்கு அவர் நான்கு காரணங்களைச் சொன்னார்: மிக அருகில் தெரியும் முகங்களின் இடைவிடாத பார்வை, சைகைகளை அனுப்பவும் படிக்கவும் கூடுதலாக உழைக்கும் மூளை, எப்போதும் எதிரில் தெரியும் தன் முகம், கேமராவின் சட்டத்துக்குள் அடங்கி உட்காரும் உடல். அறையில் பேசுபவர் மேல்தான் எல்லோர் கண்ணும் இருக்கும், கேலரியில் பேசாதவரையும் எல்லோரும் பார்ப்பதுபோல் ஆகிறது என்பது முதல் காரணத்தின் சாரம். பேலன்சனின் கட்டுரை ஒரு கோட்பாட்டு வாதம்தான், சோதனை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. களச் சோதனை என்று சொல்லத்தக்கது கிறிஸ்டன் ஷாக்லி குழுவினர் அதே ஆண்டு வெளியிட்டது. 103 ஊழியர்களை நான்கு வாரம் தொடர்ந்த அவர்கள், கேமராவைத் திறந்துவைப்பது சோர்வைக் கூட்டுகிறது, பெண்களிடமும் பணிக்குப் புதியவர்களிடமும் அது கூடுதல் என்று கண்டார்கள். கேமராவைத் திறப்பதும் மூடுவதும்தான் அங்கே சோதிக்கப்பட்டது. கேலரிக்கும் ஸ்பீக்கர் வியூவுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அதிலிருந்து நேரடி விடை கிடைக்காது.

முகமா, வேலையா

இதுவரை பார்த்த இரு தரப்பும் முகத்தைக் காட்டுவதுதான் முக்கியம் என்பதில் உடன்படுகின்றன. அந்த உடன்பாட்டையே சந்தேகிக்கும் மூன்றாவது தரப்பு உண்டு, அதற்கு வயதும் அதிகம். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோ மேடையில் டக்ளஸ் எங்கல்பார்ட் தன் கணினி அமைப்பைக் காட்டியபோது, மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரின் முகம் திரையின் மூலையில் சிறிதாக வந்தது. இருவரும் சேர்ந்து பார்த்த எழுத்துப் பகுதிக்கே மீதி இடம். முகம் ஓரத்தில், வேலை நடுவில். இன்று ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது வரும் அதே அமைப்பு.

1970களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் நடத்திய சோதனைகள் இந்தத் தரப்புக்கு வலு சேர்த்தன. இருவர் சேர்ந்து ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது குரல் இருக்கிறதா இல்லையா என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது, குரலோடு முகத்தையும் சேர்த்ததால் வேகம் அவ்வளவாகக் கூடவில்லை. 1993இல் வில்லியம் கேவர் குழுவினர் ஆட்களுக்குப் பல கேமராக்களைக் கொடுத்து, விரும்பியதைப் பார்க்க விட்டார்கள். பொம்மை வீட்டில் சாமான்களை அடுக்குவதும் அவர்களுக்குத் தந்த வேலைகளில் ஒன்று. அவர்கள் பெரும்பாலும் எதிராளியின் முகத்தை நாடவில்லை, வேலை நடக்கும் இடத்தையே பார்த்தார்கள். அதே ஆண்டு பானி நார்டியும் உடன் ஆய்வாளர்களும் மூளை அறுவை சிகிச்சை அரங்குகளை ஆராய்ந்தார்கள். நுண்ணோக்கி வழியே அறுவை மருத்துவர் காணும் காட்சி அரங்கில் உள்ள மற்றவர்களுக்கும் திரையில் தெரிந்தது. அடுத்து எந்தக் கருவி தேவைப்படும் என்று செவிலியர் கேளாமலே கணிக்க அது உதவியது. அங்கே யார் முகத்தையும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தரப்பின் பலவீனம், எல்லாக் கூட்டமும் பொம்மை வீட்டு வேலை அல்ல என்பது. பேரம், நேர்முகத் தேர்வு, மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது போன்றவற்றில் முகமே வேலை. ஜான் ஷார்ட், எடெரின் வில்லியம்ஸ், புரூஸ் கிறிஸ்டி மூவரும் 1976இல் எழுதிய நூலிலேயே, ஊடகத்தின் தாக்கம் காரியத்துக்குக் காரியம் மாறும் என்று வாதிட்டிருந்தார்கள்.

ஒரே திரையா, அவரவர் திரையா

மேற்கண்ட மூன்று நிலைப்பாடுகளுக்கும் அடியில், அதிகம் பேசப்படாத ஒரு பிளவு இருக்கிறது. எல்லோரும் ஒரே அமைப்பைப் பார்க்க வேண்டுமா? ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் கோலாப் என்ற கணினிக் கூட்ட அறையை அமைத்த மார்க் ஸ்டெஃபிக் குழுவினர் 1987இல் இதை வெளிப்படையாக விவாதித்தார்கள். ‘நீ பார்ப்பதையே நானும் பார்க்கிறேன்’ என்ற கண்டிப்பான விதியோடு தொடங்கினார்கள். நடைமுறையில் ஒருவர் சாளரத்தை நகர்த்தினால் எல்லோர் திரையிலும் நகர்ந்தது, ஒருவர் படித்துக்கொண்டிருந்ததை இன்னொருவர் மறைத்தார். விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. தளர்த்தியதும் ‘இதோ இங்கே’ என்று சுட்டுவது பொருளிழந்தது.

இன்றைய செயலிகள் இந்தத் தளர்வின் எல்லையில் நிற்கின்றன. ஒருவர் முகத்தைப் பெரிதாக நிறுத்த ‘பின்’ செய்தால் மாற்றம் அவரவர் திரையில் மட்டும், ‘ஸ்பாட்லைட்’ செய்தால் எல்லோர் திரையிலும். ஒரே மாதிரி தோன்றும் இந்த இரண்டு கட்டளைகளுக்கும் இடையில் இருப்பது அதிகார வேறுபாடு. முதலாவது பார்ப்பவரின் உரிமை, இரண்டாவது கூட்டத்தை நடத்துபவரின் கையில். கேலரியில் கட்டங்களின் வரிசையும் பொதுவாகத் திரைக்குத் திரை வேறு. நடத்துபவர் தன் வரிசையை எல்லோர் மீதும் சுமத்த ஜூமில் வழி உண்டு, அதற்கு அவர் தேடிப்போய் அதை இயக்க வேண்டும்.

இழந்த பொது இடத்தை மீட்க மூன்று வேறு வழிகள் முயலப்பட்டன. அபிகெயில் செல்லனும் பில் பக்ஸ்டனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஹைட்ரா, ஆளுக்கொரு சிறு கருவியை மேசையில் வைத்தது. ஒவ்வொன்றிலும் தனித் திரை, கேமரா, ஒலிபெருக்கி. ஒருவர் பக்கம் குனிந்து காதோடு காதாகப் பேச அதில் முடிந்தது. ஒரே திரையைப் பிரித்துக் காட்டிய அமைப்பில் அத்தகைய பக்கப் பேச்சு நிகழவில்லை என்று செல்லனின் சோதனை காட்டியது. ஆட்கள் கூடக்கூட மேசையில் இடம் போதாது என்பதால் அது ஆய்வகத்தைத் தாண்டிப் பரவவில்லை. 2006இல் சிஸ்கோ விற்ற டெலிபிரசன்ஸ் அறையில் 65 அங்குலத் திரைகள் மூன்றும் வளைந்த மேசையும் இருந்தன. ஆட்கள் உயிரளவில் தெரிந்தார்கள், அமைப்பை மாற்ற யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. விலை சுமார் மூன்று லட்சம் டாலர். மூன்றாவது, ஜாரன் லேனியர் பங்களிப்போடு மைக்ரோசாஃப்ட் 2020 ஜூலையில் அறிவித்த ‘டுகெதர் மோட்’. முகங்களைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்து ஓர் அரங்கின் இருக்கைகளில் அமர்த்தியது. எல்லோருக்கும் ஒரே இருக்கை வரிசை, நாலு கட்டத்தில் இருந்து பிறகு தொலைந்த பொது இடம் திரும்பி வந்தது. முகங்கள் மேலும் சிறுத்தது அதற்குக் கொடுத்த விலை.

பொது இடம் இல்லாததன் விளைவை ஒவ்வொரு கூட்டத்திலும் காதால் கேட்கலாம். ஸ்கிரீனைப் பகிர்ந்ததும் பேசுபவர் முதலில் கேட்பது “என் ஸ்கிரீன் தெரியுதா?” என்பதுதான். “தெரியுது சார்” என்று யாராவது மைக்கைத் திறந்து சொல்லும்வரை அவர் காத்திருக்கிறார். பகிரும் சாளரத்தைச் சுற்றி வண்ணக் கோடு வரைந்து காட்டுகிறது செயலி. ஆனால் மற்றவர் திரையில் அது எந்த அளவில், யார் முகத்தின் பக்கத்தில் வந்து அமர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை.

தன் முகம்

ஷெல்லி டுவால், ராபர்ட் விக்லண்ட் இருவரும் 1972இல் முன்வைத்த தன்னுணர்வுக் கோட்பாட்டின்படி, கண்ணாடியோ கேமராவோ ஒருவரின் கவனத்தைத் தன் மேலேயே திருப்பி, தன்னைத் தானே எடைபோட வைக்கிறது. தன் படத்தை மறைக்கும் வசதியைச் செயலிகள் தருவதற்குப் பின்னால் இந்த வாதம் இருக்கிறது. மறைத்தால் கேமராவின் சட்டத்திலிருந்து தலை நழுவியது தெரியாது என்பது மறுவாதம். இரண்டும் சரி. தொடக்கத்தில் சில நொடி காட்டிவிட்டு ஒதுங்கிவிடும் அமைப்பு நடுவழியாகலாம். தன் படம் கண்ணாடிபோல் இடவலம் மாறித் தெரிவதால், தாளைத் தூக்கிக் காட்டுபவர் எழுத்து அப்படியே திரும்பிப் போகிறதோ என்று பதறுவதும் உண்டு. மற்றவர்களுக்கு அது நேராகவே தெரிகிறது.

பொத்தான்கள்

அமைப்பை மாற்றும் உரிமை இருந்தால் போதாது, மாற்றும் பொத்தான் அகப்பட வேண்டும். முகங்களுக்கு இடம் விடுவதற்காகப் பொத்தான் பட்டை தானே மறைந்துவிடுவது ஒரு முறை, எப்போதும் நிற்பது மற்றொரு முறை. திடீரென்று பேச அழைக்கப்பட்டவர் மவுஸை ஆட்டிப் பட்டையை வரவழைத்து மைக்கைத் தேடும் அந்த இரண்டு நொடியில் முதல் முறையின் குறை தெரிந்துவிடும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துப் பேசும் குறுக்குவழி இதற்கான மருந்து. தெரிந்தவர்களுக்கு மட்டும் பயன்படும் மருந்து.

“சார், மியூட்ல இருக்கீங்க” என்ற வாக்கியம் காணொலிக் கூட்டத்தின் முத்திரையே ஆகிவிட்டது. டொனால்ட் நார்மன் 1981இல் வகைப்படுத்திய ‘நிலைப் பிழை’ இது. கருவி ஒரு நிலையில் இருக்க, வேறு நிலையில் இருப்பதாக நினைத்துச் செயல்படுவது. பொத்தானே அதற்குத் துணைபோகிறது. கோடு போட்ட மைக் படம் இப்போதைய நிலையைச் சொல்கிறது, அதன் கீழே எழுதியிருக்கும் சொல் அழுத்தினால் நடக்கப்போவதைச் சொல்கிறது. ஹெட்செட்டில் தனியாக ஒரு மியூட் இருந்தால் குழப்பம் இரட்டிப்பு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிமன்ற விசாரணை ஒன்றில் வழக்கறிஞர் பூனைக்குட்டி முகத்தோடு தோன்றி, தான் பூனை இல்லை என்று நீதிபதியிடம் விளக்க நேர்ந்தது. அவர் பயன்படுத்திய கணினியில் முன்பே இயக்கிவிட்டிருந்த ஒரு வடிகட்டியை எங்கே போய் நிறுத்துவது என்று அவருக்கு அகப்படவில்லை.

திறந்திருப்பவை

முகமா வேலையா என்ற விவாதத்தில் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிவது, காரியத்தைப் பொறுத்து விடை மாறும் என்பதுதான். குரலைப் பின்தொடரும் திரைக்கும் எல்லோரையும் காட்டும் திரைக்கும் இடையில் அப்படியும் சொல்ல முடியாது. இரண்டையும் நேருக்கு நேர், பல நாள், ஒரே ஆட்களிடம் ஒப்பிட்ட வலுவான சான்று குறைவாகவே இருக்கிறது. சோர்வு ஆய்வுகளில் பெயர்பெற்றவை பலவும் அமெரிக்க நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்தவை. கைபேசியில், அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும் இணைப்பில், கேமராவை அணைத்துவிட்டு வகுப்பைக் கவனிக்கும் மாணவருக்கு அந்த முடிவுகள் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அந்தத் திரையில் 49 முகங்களுக்கு இடமே இல்லை, பெரும்பாலும் ஒரு பலகையும் சில பெயர்களும்தான்.

பாதிப் பேர் ஒரே அறையிலும் மீதிப் பேர் வீட்டிலும் இருக்கும் கலப்புக் கூட்டம் பழைய கேள்வியை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. அறையிலிருக்கும் ஆறு பேரை ஒரே கட்டத்தில் காட்டினால் வீட்டிலிருப்பவரின் முகம் அவர்களைவிடப் பல மடங்கு பெரிதாகிறது. கேமரா ஆறு முகங்களையும் வெட்டித் தனித்தனிக் கட்டமாக்கினால், அவர்களில் யார் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வீட்டிலிருப்பவருக்குத் தெரியாமல் போகிறது. இரண்டு முறைகளும் இப்போது விற்பனையில் இருக்கின்றன.